மேகி வராததால் பிறந்த ஓவியம்

ஓர் ஓவியத்துக்குள் உட்கார்ந்திருப்பவரே அது பிறந்த கதையை எழுதி வைத்திருப்பது அபூர்வம். உருவப்படத்துக்காக உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பேசாமல் உட்கார்ந்து, பேசாமல் எழுந்து போய்விடுகிறார்கள். அதன்பிறகு பேசுவதெல்லாம் ஓவியரும் விமர்சகர்களும் விலை சொல்பவர்களும்தான். உலகம் ‘விஸ்லரின் தாய்’ என்று அழைக்கும் ஓவியத்துக்கு அந்தக் குறை இல்லை. 1871 நவம்பர் தொடக்கத்தில், லண்டன் செல்சியிலிருந்து, அமெரிக்காவில் இருந்த தன் தங்கை கேட்டுக்கு அன்னா விஸ்லர் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். மகன் தன்னை வரைந்து முடித்துவிட்டான் என்ற செய்தியை, ஊர்ச் செய்தி, உடம்புச் செய்திகளோடு சேர்த்து எழுதியிருக்கிறார். அந்த அறையில் இருந்தவர்கள் இருவர். அந்த இருவரில் ஒருவர் சொன்ன சாட்சி அது. படித்தபின் படத்தைப் பழையபடி பார்க்க முடிவதில்லை.

படம் இப்போது பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் சுமார் 144 சென்டிமீட்டர், அகலம் 162. சாம்பல் நிறச் சுவர். இடது பக்கம் மேலிருந்து தரை வரை தொங்கும் கறுப்புத் திரை, அதில் பூப்போல வெளிறிய புள்ளிகள். நடுவில் ஒரு வயதான பெண், பக்கவாட்டாக, திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். கால் மறையும் கறுப்பு உடை. தலையில் வெள்ளைச் சரிகைத் தொப்பி. அதன் நுனிகள் தோள்மேல் விழுகின்றன. மடியில் கைகள், கைகளில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை. பாதங்கள் ஒரு சிறு மணைமேல். சுவரில் சட்டமிட்ட ஒரு படம். வேறு அதிகமாக ஒன்றும் இல்லை. ஜன்னல் இல்லை, பூ இல்லை, புன்னகை இல்லை.

இந்தப் பெண் 1804-இல் அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலத்தில், வில்மிங்டன் என்ற துறைமுக ஊரில் ஒரு மருத்துவரின் மகளாகப் பிறந்தவர். இயற்பெயர் அன்னா மடில்டா மக்நீல். தாய்மாமன் செபனையா கிங்ஸ்லி புளோரிடாவில் பெரிய தோட்டங்களுக்குச் சொந்தக்காரர், அடிமை வணிகர். அன்னாவின் வாழ்க்கையைச் சொல்லும்போது இதைத் தாண்டிப் போகக்கூடாது என்று நினைக்கிறேன். அந்தக் குடும்பங்களின் வசதியும் அமைதியும் யாருடைய உழைப்பில் நின்றன என்பது அவர் வளர்ந்த உலகின் ஒரு பகுதி.

1831-இல் ஜார்ஜ் வாஷிங்டன் விஸ்லர் என்ற ரயில்வே பொறியாளருக்கு, அவருடைய முதல் மனைவி இறந்தபின், இரண்டாம் தாரமானார். மூத்த தாரத்தின் பிள்ளைகளையும் வளர்த்தார். தனக்குப் பிறந்த ஐந்து ஆண் பிள்ளைகளில் மூன்று பேரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தார். அதில் ஒரு பிள்ளை இறந்தது ரஷ்யாவுக்குப் போகும் கப்பற் பயணத்தில். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து மாஸ்கோவுக்கு ரயில் பாதை போட ரஷ்யப் பேரரசர் கணவரை அழைத்திருந்தார். குடும்பம் அங்கே போன சில ஆண்டுகளில், 1849 ஏப்ரலில், காலரா கணவரையும் கொண்டுபோனது. பாதை திறந்தது 1851-இல். அவர் அதைப் பார்க்கவில்லை. கணவர் போன நாளிலிருந்து அன்னா கறுப்பு உடுத்தினார். நம் வீடுகளில் வெள்ளைச் சேலை எதைச் சொன்னதோ அதைத்தான் அங்கே அந்தக் கறுப்பு சொன்னது. 1871-இல் மகன் முன் வந்து நின்றபோது அந்த உடைக்கு இருபத்திரண்டு வயது.

மூத்த மகன் ஜேம்ஸ் 1834-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் ஊரில் பிறந்தவன். ரஷ்யாவில் இருந்தபோது, 1844-இல், ஸ்காட்லாந்து ஓவியர் சர் வில்லியம் ஆலன் வீட்டுக்கு வந்தார். பத்து வயதுப் பையனின் கோடுகளைப் பார்த்துவிட்டு, இவனிடம் சாதாரணமல்லாத திறமை இருக்கிறது என்று அன்னாவிடம் சொன்னார். அன்னா அதைத் தன் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். அடுத்த ஆண்டு பையன் அங்குள்ள பேரரசுக் கலைக் கழகத்தில் வரையக் கற்றுக்கொள்ளப் போனான். தந்தை இறந்தபின் அமெரிக்கா திரும்பி, வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்து, 1854-இல் வேதியியலில் தேறாமல் வெளியே அனுப்பப்பட்டான். கடற்கரை அளவைத் துறையில் சில மாதங்கள் வேலை பார்த்தபோது செப்புத் தகட்டில் கோடு பொறித்து அச்சிடக் கற்றான். 1855-இல் பாரிஸ், 1859-இல் லண்டன். படத்தின் சுவரில் சட்டமிட்டுத் தொங்குவது அந்த 1859-இல் அவர் தேம்ஸ் கரையோரத்துப் படகுத்துறை ஒன்றைப் பார்த்துப் பொறித்த ‘பிளாக் லயன் வார்ஃப்’. தாயின் படத்துக்குள் தன் வேலையையும் மாட்டி வைத்திருக்கிறார் மகன்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவில், வடக்குப் படையின் கடல் முற்றுகையைத் தாண்டி வந்த கப்பல் ஒன்றில் ஏறி அன்னா இங்கிலாந்து வந்து சேர்ந்தார். இளைய மகன் வில்லியம் தெற்குப் படையில் மருத்துவராக இருந்தான். 1864 தொடங்கும்போது அவர் செல்சியில் ஜேம்ஸின் வீட்டில் இருக்கிறார். தாய் வருகிறார் என்று தெரிந்ததும் வீட்டில் ஒரே கலவரம். ஜேம்ஸோடு சேர்ந்து வாழ்ந்தவரும் அவருடைய ‘வெள்ளை உடைப் பெண்’ ஓவியத்தில் இருப்பவருமான ஜோ ஹிஃபர்னன் வேறு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பக்தி மிகுந்த, ஞாயிற்றுக்கிழமையை ஞாயிற்றுக்கிழமையாகவே நடத்துகிற ஒரு தாய் உள்ளே வந்தார்.

வந்தவர் மூலையில் உட்கார்ந்து நூல் பின்னிக்கொண்டிருக்கவில்லை. வந்த சில வாரங்களுக்குள், 1864 பிப்ரவரியில், நண்பர் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதத்தில் மகன் அப்போது வரைந்துகொண்டிருந்த படங்களை, சீனப் பீங்கான்களை, ஜப்பானியப் பொருள்களை ஒவ்வொன்றாக விவரிக்கிறார். படம் வாங்குவோர் வீட்டுக்கு வந்தால் உபசரித்தார். லிவர்பூல் கப்பல் முதலாளி ஃபிரெடரிக் லேலண்ட், மகனுடைய மிக முக்கியமான புரவலர்; அவருடைய ஸ்பீக் ஹால் மாளிகையில் அன்னா விருந்தாளியாகப் போய்த் தங்கினார், அந்தக் குடும்பத்தின் பிரியத்தைச் சம்பாதித்தார். மகனோ சண்டைக்காரர், அக்கா கணவரையே 1867-இல் பாரிசில் ஒரு கடைக் கண்ணாடி வழியாகத் தள்ளிவிட்டவர். பகைமை தேடிக்கொள்ளும் மகனும், உறவைக் காத்துக்கொள்ளும் தாயுமாக அந்த வீடு ஓடியது. தாய் இல்லாமல் அந்த ஓவியக்கூடம் ஓடியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அந்த 1871 கோடையில் ஒரு நாள் தாயும் மகனும் தேம்ஸில் நீராவிப் படகில் போய்வந்தார்கள். சூரியன் மறையும் முன் ஆறு ஒளி ஊடுருவும்படி தெளிந்து கிடந்தது. அதைப் பார்த்த வேகத்தில் ஜேம்ஸ் வீட்டுக்குள் ஓடி, ஈசலையும் தூரிகைகளையும் ஆற்றைப் பார்க்கும் ஜன்னலருகே கொண்டுவந்து வைத்தார். அவருக்கு வேண்டிய வண்ணக் குழாய்களை எடுத்து மேசைமேல் அடுக்கிக் கொடுத்தது அறுபத்தாறு வயதுத் தாய். இதுவும் தங்கைக்கு எழுதிய அதே கடிதத்தில் இருக்கிறது. ஆற்றங்கரை மாலையையும் இரவையும் விஸ்லர் வரைந்த புகழ்பெற்ற வரிசை அந்தக் கோடையில்தான் தொடங்கியது. கலை வரலாற்றில் அன்னாவுக்குக் கிடைத்த இடம் ஒரு நாற்காலி. ஆனால் அந்த நாற்காலியில் உட்காரும் முன்பே அவர் வேலையில் இருந்தார்.

அந்தச் சமயத்தில் ஜேம்ஸ் கையில் இருந்தது வேறொரு படம். வில்லியம் கிரகாம் என்ற பாராளுமன்ற உறுப்பினர், கலைப் பொருள் சேகரிப்பவர், கேட்டிருந்த படம்: கடற்கரையில் நீல உடையில் ஓர் இளம்பெண். அதற்கு மேகி என்ற சிறுமி மாடலாக வந்து நின்றுகொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் மேகி வராமல் போனாள். கேன்வாஸ் இருக்கிறது, வண்ணம் இருக்கிறது, ஓவியருக்கு வேகம் இருக்கிறது, ஆள் இல்லை. மகன் தாயிடம் வந்து, அம்மா நீங்கள் எனக்காக நிற்க வேண்டும், இது நான் வெகுநாளாக நினைத்திருந்தது என்று கேட்டார். மேகி மட்டும் ஏமாற்றாமல் வந்திருந்தால் என்னை வரைய அவனுக்கு நேரமே இருந்திருக்காது என்று அன்னாவே எழுதுகிறார். அதில் வருத்தம் துளியும் இல்லை. கிரகாமுக்கு அந்தப் படமும் என்றாவது முடிந்து போய்ச் சேரட்டும் என்ற கவலைதான் பக்கத்திலேயே இருக்கிறது. படம் கேட்டவருக்குக் கொடுத்த சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே என்ற கவலை.

மகன் கேட்டது நிற்கச் சொல்லி. தாய் நின்றார். உடம்பு அப்போது சரியில்லை. ஆனால் ஜெமியிடம் (மகனை அவர் அழைத்த பெயர் அது) அந்தக் குறையைச் சொல்ல மனமில்லை. இரண்டு மூன்று நாள், மகனுக்கு எப்போதெல்லாம் கை ஓடியதோ அப்போதெல்லாம், சிலைபோல நின்றார். பிறகு முடியவில்லை. மகன் அதைப் புரிந்துகொண்டு, சௌகரியமாக உட்கார்ந்திருக்கும்படியே வரைகிறேன் என்று முடிவு செய்தார். அவ்வளவுதான். உலகத்தில் மிக அதிகமாகப் பிரதி எடுக்கப்பட்ட அமர்வு ஒன்று இப்படித்தான் பிறந்தது: ஒரு வயதான பெண்ணின் களைப்பில்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. அவர் நின்றபடியே முடிந்திருந்தால் படம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க வழியிருக்கிறது. 1862-இல் வரைந்த வெள்ளை உடைப் பெண் நிற்கிறார். அந்தக் கேன்வாஸ் உயரம் இரண்டு மீட்டருக்கு மேல், அகலம் அதில் பாதி. தாயின் படத்தை அடுத்து லேலண்டின் மனைவி ஃபிரான்சஸை விஸ்லர் வரைந்தார். அவரும் நிற்கிறார், அந்தக் கேன்வாஸும் அதேபோல உயர்ந்து குறுகியது. நிற்பவரை வரைந்தால் அவருக்குப் படம் மேல்நோக்கிப் போகும். தாய் உட்கார்ந்ததும் படம் பக்கவாட்டில் விரிந்தது. சுவருக்கு இடம் கிடைத்தது. சுவரில் மாட்டிய படத்துக்கும் திரைக்கும் தரைக்கும் இடையே நேர்கோடுகளின் பேச்சு தொடங்கியது. நாற்காலியிலிருந்து மணை வரை சரிந்து இறங்கும் அந்தக் கறுப்பு முக்கோணம், சதுரங்களும் செவ்வகங்களுமான மற்ற எல்லாவற்றையும் தாங்கி நிற்கிறது. பின்னாளில் நவீன ஓவியத்தை நேசித்தவர்கள் இந்தப் படத்தில் எதை வியந்தார்களோ, அது அந்த உட்காரலின் பலன்.

சாம்பல் சுவர் கற்பனையில் வந்ததல்ல. லிண்ட்சி ரோ 2-ஆம் எண் வீட்டில் விஸ்லரின் ஓவியக்கூடச் சுவருக்குச் சாம்பல் பூசி, கீழே கறுப்புப் பட்டை அடித்திருந்தது. தாய் அணிந்திருந்ததும் கறுப்பு. அறை ஏற்கனவே அந்த நிறத்தில் இருந்தது. அதற்குள் இன்னும் ஆழமான கறுப்பாக ஒரு விதவை வந்து உட்கார்ந்தார்.

வண்ணத்தை விஸ்லர் கெட்டியாகப் பூசுகிறவர் அல்ல. எண்ணெயும் டர்பன்டைனும் கலந்து நீர்க்க வைத்து, அகலமான தூரிகையால் ஒரே இழுப்பில் சுவரை நிரப்புவார். பல இடங்களில் கேன்வாஸின் நூலோட்டம் கண்ணுக்குத் தெரியும். அந்த இழுப்பு சரியாக விழவில்லை என்றால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். திருத்தித் திருத்தி மேலே பூசுவது அவருக்குப் பிடிக்காது. பார்க்கிறவருக்கு உழைப்பின் தடம் தெரியக்கூடாது என்பது கொள்கை. 1857-இல் மான்செஸ்டர் கண்காட்சியில் வெலாஸ்கெஸின் ஓவியங்களைப் பார்த்தவர்; சாம்பலிலும் கறுப்பிலும் எவ்வளவு செய்ய முடியும் என்பதை அங்கே கண்டார். பொருள்களைக் குறைத்து இடைவெளியைப் பேசவிடுவதை ஜப்பானிய அச்சுப் படங்களிலிருந்து எடுத்துக்கொண்டார். அந்தத் திரையின் ஓரத்தில் அவருடைய கையெழுத்தாக ஒரு வண்ணத்துப்பூச்சி இருக்கிறது. கைக்குட்டையும் தொப்பியின் சரிகையும் சில விரைந்த வெள்ளைத் தொடுதல்கள்தான். முகத்தில் மட்டும் கை நின்று, நிதானித்து, திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

அப்படிப்பட்ட முறையில் வரைகிறவர் எதிரே உட்காருவது எளிதல்ல. ஒவ்வொரு நாளும் எல்லாம் அழிந்துபோகலாம். அன்னா அதைத்தான் எழுதுகிறார். மகன் நடுவில் விரக்தியோடு, வரவில்லை, இதை எப்படி வரைய வேண்டுமோ அப்படி வரைய என்னால் முடியாது என்று கத்துவார். தாய் வாயைத் திறக்கமாட்டார். அசையாமல் உட்கார்ந்தபடி உள்ளுக்குள் ஜெபிப்பார். இரவெல்லாம் உழைத்தும் ஒரு மீன்கூடக் கிடைக்காத மீனவர்களிடம் மறுபடி வலையை வீசச் சொன்ன வேதாகமக் காட்சி அவர் மனசுக்கு வரும். மகன் மறுபடி தூரிகையை எடுப்பார். திடீரென்று ஒரு கணத்தில், அம்மா, வந்துவிட்டது, அழகாக வந்துவிட்டது என்று சொல்லி எழுந்து வந்து தாயை முத்தமிடுவார்.

ஓவியத்தில் தெரியும் அந்த அசைவற்ற பக்கவாட்டு முகத்தைப் பலர் கடுமை என்று படித்திருக்கிறார்கள். துக்கம் என்றார்கள், பழைய பக்தியின் விறைப்பு என்றார்கள். கடிதத்தைப் படித்தவருக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. அந்த உதடுகள் இறுக மூடியிருப்பது, மகனுக்கு எதிரே ஒரு சொல்லும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக. ஓவியத்தின் மௌனத்தில் பாதி அவர் உழைப்பு.

படம் முடிந்தது. 1872-இல் ராயல் அகாடமி கண்காட்சிக்கு அனுப்பப்பட்டது. தேர்வுக் குழு அதைத் தள்ளிவிடும் நிலையில் இருந்தது. அப்போது சர் வில்லியம் பாக்சால் என்ற மூத்த ஓவியர், தேசிய ஓவியக் கூடத்தின் இயக்குநராகவும் இருந்தவர், இதை ஏற்காவிட்டால் குழுவிலிருந்து விலகுவேன் என்று நின்றார். பாக்சாலுக்கு இந்தக் குடும்பம் புதிதல்ல. 1849-இல், பதினான்கு வயது ஜேம்ஸை வரையச் சொல்லி தந்தை விஸ்லர் பணித்தது அவரைத்தான். மகனின் அந்தப் படம் அவ்வாண்டு இதே அகாடமியில் தொங்கியபோது தந்தை ரஷ்யாவில் இறந்துவிட்டிருந்தார். இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து அந்த மகன் வரைந்த தாயின் படத்துக்காக அதே பாக்சால் சண்டை போட்டார். படம் ஏற்கப்பட்டது; மாட்டிய இடம் மோசமானது. விஸ்லர் அகாடமியில் காட்டிய கடைசி ஓவியம் அதுதான்.

தலைப்பைப் பார்த்ததும் லண்டன் குழம்பியது. ‘சாம்பலும் கறுப்பும்: ஓர் அமைப்பு’ என்று முதலில் போட்டு, ஓவியரின் தாய் என்பதை அடுத்துத்தான் சொல்லியிருந்தார். தாய்க்கு இப்படியா பெயர் வைப்பது என்று கேட்டவர்கள் பலர். ஆனால் அக்கம்பக்கத்தில் ஒருவருக்கு அந்தப் படம் பிடித்துப்போனது. செல்சியிலேயே வசித்த எழுத்தாளர் தாமஸ் கார்லைல், எழுபது வயதைத் தாண்டியவர், அந்த எளிமையைப் பார்த்து விஸ்லருக்கு உட்காரச் சம்மதித்தார். அதே சுவர், அதே பக்கவாட்டு அமர்வு. அந்தப் படம் ‘சாம்பலும் கறுப்பும்’ வரிசையில் இரண்டாம் எண் ஆனது. அதன்பிறகுதான் தாய்க்கு முதல் எண் வந்தது.

1878-இல் விஸ்லர் பத்திரிகையில் ஒரு விளக்கம் எழுதினார். எனக்கு இது என் தாயின் படம் என்பதால் முக்கியம். ஆனால் அது யார் என்பதைப் பற்றிப் பொதுமக்களுக்கு என்ன கவலை, அவர்கள் பார்க்க வேண்டியது நிறங்களும் வடிவங்களும் எப்படி அமைந்திருக்கின்றன என்பதை மட்டுமே என்பது அதன் சாரம். அந்த வாதத்தின் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஓவியம் கதை சொல்லியே ஆக வேண்டும், கண்ணீர் வரவழைத்தே ஆக வேண்டும் என்றிருந்த விக்டோரியா கால இங்கிலாந்தில் அப்படிச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். ஆனாலும் இந்தப் படத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது முழுதாகப் பொருந்தவில்லை. கறுப்பு அவர் தேர்ந்தெடுத்த நிறமாக இருக்கலாம். அதை இருபத்திரண்டு ஆண்டு உடுத்தியிருந்தவர் அவர் தாய். நேர்கோடுகள் அவர் கண்ணின் கண்டுபிடிப்பு. அவற்றுக்கு இடம் கொடுத்த உட்காரல் தாயின் உடம்பு எடுத்த முடிவு. அந்த நிதானம் ஒரு வாழ்க்கை முழுதும் சேர்த்தது. நிறங்களை அடுக்கியவர் மகன், அடுக்கக் கொடுத்தவர் தாய். யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதை எடுத்துவிட்டால் அந்த அமைப்பே வேறாகிவிடும்.

அதே 1878-இல்தான் விஸ்லர் ஜான் ரஸ்கின்மேல் போட்ட அவதூறு வழக்கு விசாரணைக்கு வந்தது. வாண வேடிக்கையை வரைந்த அவருடைய இரவு ஓவியம் ஒன்றை ரஸ்கின் கடுமையாக எழுதித் தாக்கியிருந்தார். விஸ்லர் வென்றார், நஷ்டஈடாக நீதிமன்றம் கொடுத்தது ஒரு ஃபார்திங், அன்றைய நாணயத்தில் மிகச் சிறியது. வழக்குச் செலவும் ஏற்கனவே இருந்த கடனும் சேர்ந்து 1879-இல் அவரைத் திவாலாக்கின. தாயின் படம் கடனுக்கு ஈடாக கிரேவ்ஸ் என்ற அச்சுப்பட வணிகரிடம் போயிருந்தது. உடல்நலம் கருதி 1875 முதல் ஹேஸ்டிங்ஸ் கடற்கரை ஊரில் இருந்த அன்னா, தன் படம் அடகில் இருந்த காலத்தில் உயிரோடுதான் இருந்தார். 1881 ஜனவரி 31 அன்று அங்கேயே இறந்தார்.

அவர் இறந்த ஆண்டு படம் கடல் தாண்டி பிலடெல்பியாவுக்குப் போனது, 1882-இல் நியூயார்க்குக்கு. பிறந்த நாட்டில் வாங்க ஆள் இல்லாமல் திரும்பி வந்தது. 1883-இல் பாரிஸ் சலோனில் மூன்றாம் வகுப்புப் பதக்கம் கிடைத்தது. பாரிசில் அதை விரும்புகிறவர்கள் மெல்லச் சேர்ந்தார்கள். கவிஞர் மல்லார்மே விஸ்லரின் நண்பரானார். கலை எழுத்தாளர்கள் தியோதோர் துரேயும் ரோஜே மார்க்ஸும் பிரெஞ்சு அரசிடம் பேசினார்கள். 1891-இல் நடந்ததைக் கவனிக்க வேண்டும். அவ்வாண்டு கிளாஸ்கோ நகரம் கார்லைலின் படத்தை 1,000 கினிக்கு வாங்கியது. சில மாதங்களில் பிரெஞ்சு அரசு தாயின் படத்தை லக்சம்பர்க் அருங்காட்சியகத்துக்காக 4,000 ஃபிராங்குக்கு வாங்கியது; பவுண்டில் ஏறத்தாழ 160. கார்லைலுக்குக் கிடைத்ததில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. விஸ்லர் பேரம் பேசவில்லை. பணத்தை விடாமல் கேட்கும் மனிதர் அவர்; தாய் லூவருக்குப் போகும் வழியில் இருக்கிறார் என்பது அவருக்குப் போதுமானதாக இருந்தது. லக்சம்பர்க்கில் இருந்த படங்கள் ஓவியர் இறந்து சில ஆண்டுகள் கழித்து லூவருக்கு மாறுவது வழக்கம். விஸ்லர் 1903-இல் இறந்தார். படம் 1920-களில் லூவர் போனது. 1986-இல் ஓர்சே திறந்தபோது அங்கே வந்தது.

இடையில் ஒருமுறை நீண்ட பயணம். 1932-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் கடனாகக் கேட்டு வாங்கி, 1934 வரை அமெரிக்காவின் பல நகரங்களுக்குக் கொண்டுபோனது. வேலையில்லாத் திண்டாட்டத்தின் உச்சக் காலம். ஐம்பது ஆண்டு முன் எவரும் வாங்காத படத்தைப் பார்க்க மக்கள் வரிசையில் நின்றார்கள். 1934 மே மாதம், அன்னையர் தினத்தையொட்டி, மூன்று சென்ட் அஞ்சல் தலை வந்தது. அஞ்சல் தலைப் பிரியரான குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டே அதன் அமைப்பைத் தாளில் கோடிட்டுக் காட்டியிருந்தார். அச்சானபோது சுவரும் திரையும் வெட்டப்பட்டு, காலருகே ஒரு பூச்சாடி சேர்க்கப்பட்டிருந்தது. அமெரிக்கத் தாய்மாருக்கு மரியாதையாக என்று ஒரு வாசகமும். கலைஞர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்த்தது சரி. விஸ்லர் ஒரு பூவையும் வைக்காமல் விட்டது தற்செயல் அல்ல. அந்தப் பெண்ணும் யாரோ பூக்கொண்டு வரக் காத்திருப்பவராக உட்காரவில்லை. வேலை நடக்கும் ஓர் அறையில், வேலையின் ஒரு பகுதியாக உட்கார்ந்திருந்தார்.

1938-இல் பென்சில்வேனியாவின் ஆஷ்லண்ட் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில், பிழைப்புக்காக வெளியூர் போன மகன்களின் சங்கம் ஊர்த் தாய்மாருக்காக ஒரு வெண்கலச் சிலை நிறுத்தியது. மாதிரியாக எடுத்துக்கொண்டது இந்தப் படத்தை. எட்டடி உயரம், நாற்காலியில் அதே உட்காரல். சிலையில் சாம்பல் சுவர் இல்லை, திரை இல்லை, சுவரில் மாட்டிய படம் இல்லை. சுற்றி நடந்து பார்க்கும்படி நிறுத்தவேண்டியிருந்ததால், விஸ்லர் வரையாத அந்த மறுபாதி முகத்தை சிலை செய்தவர்கள் தாங்களாகவே செய்துகொள்ள வேண்டியிருந்தது.